டாக்டரம்மாவின் அறைக் காற்று

போன மாதம் என் தம்பி மகள் தியாகராய நகர் வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தொங்கவிட்டாள். குழந்தைகளுக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கும் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வாயை மெல்லிய தாள் மூடியிருந்தது. உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிலிம் துண்டு. வீட்டுக் காற்றில் ரேடான் என்ற வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியாம் அது. அவள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஊரில் பல வீடுகளில் இப்படி மாட்டுகிறார்கள். சில மாதங்கள் அப்படியே தொங்கும். வாயுவிலிருந்து புறப்படும் துகள்கள் பிலிமில் பட்டுக் கண்ணுக்குத் தெரியாத வடுக்கள் விழும். பிறகு பிலிமைக் காரக் கரைசலில் ஊறப்போட்டு வடுக்களை எண்ணிவிடுவார்கள். "சத்தம் கிடையாது, பொறி பறக்காது. சமத்தாத் தொங்கிண்டிருக்கும் அத்தை" என்றவள், ஜன்னலோரத்து மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கிண்ணத்துக்கான சீட்டில் என் விலாசத்தை எழுத ஆரம்பித்தாள். பொறி பறக்காது என்று அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கருவியில் பொறி பறந்தது. அதுவும் யார் கையில்!

டாக்டரம்மாவை நான் முதன்முதலில் பார்த்ததே அவர் அலறிய அலறலில்தான். நாற்பதுகளின் ஆரம்பம், யுத்த காலம். நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் பௌதிகப் பிரிவில், மாணவிகளுக்குச் சோதனை செய்து காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர். ராயப்பேட்டையில் ஒரு பழைய பங்களாவில் டாக்டரம்மா நடத்திவந்த பெண்கள் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில், சுவருக்குச் சுவர் ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தேன். இரண்டு முனையிலும் கந்தகக் கட்டி. மின்சாரம் சுவருக்குள் ஓடிவிடாமலிருக்க. கையால் சுற்றும் கண்ணாடித் தட்டு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிக் கம்பியில் மின்சாரம் ஏற்றிவிட்டு, மறந்து வைத்துவிட்ட ஸ்டாப் வாட்சை எடுக்க முன்கட்டுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆபரேஷன் முடித்துவந்த டாக்டரம்மா, தன் அறையில் புதிதாக ஒரு கொடி கட்டியிருப்பதைப் பார்த்து, யாரோ நல்ல காரியம் செய்திருக்கிறார்கள் என்று ஈரத்துண்டை அதன் மேல் போட்டிருக்கிறார். அலறல் கேட்டு ஓடினேன். கையை உதறிக்கொண்டு நின்றார்.

"யாரு நீ? வந்த அன்னிக்கே ஆளைக் கொல்லப் பாக்கறியா?"

"அது கொடி இல்லை டாக்டர். கருவி."

"கருவியா? துணி காயப்போடற கம்பி மாதிரியே கீதே!"

வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தன் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்காக ரேடியம் ஊசிகளைப் பிடித்துப் பிடித்து ரேகைகூட மழுங்கிப்போன விரல்கள். "இந்த வெரல்ல சுடுதண்ணி பட்டாக்கூட எனக்குத் தெரியாது. இது தெரிஞ்சுது பாரு!" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது. சிநேகிதம் என்றால் கொஞ்சிக் குலாவுவதல்ல. பார்த்த நேரமெல்லாம் சண்டை.

சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தும் ஊர்ப் பேச்சை விடவில்லை. துரைமார்களிடம் இலக்கண சுத்தமாக இங்கிலீஷ் பேசுவார்; திரும்பி ஆயாவிடம், "இன்னாடி, பால் வந்துச்சா?" என்பார். வரும் பெண்களுக்குப் பாதி பயம் அந்தப் பேச்சிலேயே போய்விடும். என் மயிலாப்பூர் மாட வீதித் தமிழ் அவருக்குப் பெரிய வேடிக்கை. நான் "ஆத்துக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டால் போதும், "எந்த ஆத்துக்கு? அடையாத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். முதல் பத்து தடவை கோபம் வந்தது. அப்புறம் அவர் கேட்காத நாளில் ஏதோ குறைவது போலிருந்தது.

நான் அங்கே போனதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கு வைத்தியம் பண்ண அவரிடம் கொஞ்சம் ரேடியம் இருந்தது. மெல்லிய பிளாட்டினக் குழாய்களில் அடைத்து, ஈயப் பெட்டகத்தில் போட்டு, ஒன்றரை முழத்துக்குச் சுவர் வைத்த பின்கட்டு அறையில் பூட்டிவைத்திருந்தார். சொந்த ரேடியம் அல்ல. ஒரு தர்ம ஸ்தாபனம் இரவலாகக் கொடுத்திருந்தது. ரேடியம் சும்மா இருக்காது. ஓயாமல் ஒரு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் ரேடான். குழாய் நன்றாக இருந்தால் வாயு உள்ளேயே அடைந்து கிடக்கும். எங்காவது மயிரிழை விரிசல் விட்டால் அறைக் காற்றில் கலந்து, மூச்சோடு உள்ளே போகும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அறைக் காற்றைச் சோதித்து, குற்றமில்லை என்று ஒருவர் சான்று தர வேண்டும். வழக்கமாக வரும் வெள்ளைக்காரர் யுத்தத்துக்குப் போய்விட்டார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் பாதி ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு போயாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அம்மாவும் தம்பியும் கும்பகோணம் போய், அப்பாவும் நானும்தான் மிச்சம். கல்லூரி மூடிக்கிடந்தது. கருவிகள் சும்மா இருந்தன, நானும் சும்மா இருந்தேன். என் பேராசிரியை என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார்.

அளக்கும் முறை கேட்கக் கஷ்டமாக இருக்குமே தவிர, செய்வது சமையல் மாதிரிதான். ரேடான் அழியும்போது கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று பிறக்கிறது. மின்சாரம் ஏற்றிய கம்பி அந்தத் தூசியை இழுத்துத் தன் மேல் பூசிக்கொள்ளும். காபி வேளையிலிருந்து சாப்பாட்டு வேளை வரை ஜன்னல்களை மூடிவிட்டு, இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிக் கம்பியில் மின்சாரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்பியை அவிழ்த்து ஒரு சட்டத்தில் சுற்றி, அடுத்த அறையில் வைத்திருக்கும் பித்தளைப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டிக்குள் ஒரு தங்கத் தாள் தொங்கும். ஊதினால் கிழிந்துவிடும் அத்தனை மெல்லிசு. அதற்கு மின்சாரம் கொடுத்தால் புடவைத் தலைப்பு காற்றில் எழுவது போல விலகி நிற்கும். கம்பியில் தூசி இருந்தால் தாள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். வேகமாக இறங்கினால் வாயு அதிகம், நகராமல் நின்றால் அறை சுத்தம். சின்ன மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணும் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் தாள் தானாகவே கொஞ்சம் இறங்கும் என்பதால், வெறும் பெட்டியை முதலில் பார்த்துக் கழித்துக்கொள்வேன். இயந்திரம் சுற்ற உட்கார ஏதாவது வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தபோது, அறை மூலையில் ஜமக்காளம் போர்த்திய மரப்பெட்டி ஒன்று இருந்தது. உயரம் எனக்கென்றே செய்தது போல இருந்தது. இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

முதல் சோதனையிலேயே தாள் சரசரவென்று இறங்கியது. என் கண்ணையே நம்பாமல் மறுநாளும் செய்தேன். அதே வேகம். சான்றில் கையெழுத்துப் போட முடியாது என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கையெழுத்து இல்லாவிட்டால் அறையை மூட வேண்டும். ரேடியம் முழுவதையும் கப்பலேற்றிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த நாளில் கப்பலேறிய சாமான் போய்ச் சேருமா என்பதே சந்தேகம், திரும்பி வருமா என்று யாரைக் கேட்பது? மற்ற இடங்களில் இருந்த ரேடியத்தை எல்லாம் குண்டுக்குப் பயந்து எங்கோ தூரத்தில் குழி தோண்டி வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. ஆக, வார்டில் படுத்திருந்த பெண்களுக்கு இந்த அறையை விட்டால் வேறு கதி கிடையாது. அவர்களில் ஒருவர் பாயம்மா. அதே பேட்டையில் கல்யாணத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் காஸ் லைட்டு வாடகைக்கு விடும் லைட்டுக்கடை பாயின் மனைவி. கர்ப்பப்பையில் புற்று. ரேடியத்தை இரண்டு தடவை வைக்க வேண்டும். முதல் தடவை வைத்தாகிவிட்டது, கட்டி பாதியாகச் சுருங்கியும்விட்டது. இரண்டாவது தடவை அடுத்த வாரம். அது நடக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று டாக்டரம்மா சொன்னார்.

பாயம்மாவை நான் தினமும் பார்ப்பேன். வார்டைத் தாண்டித்தான் பின்கட்டுக்குப் போக வேண்டும். கட்டிலில் சாய்ந்தபடி, வருகிறவர் போகிறவரை எல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பார். பாய் மூன்று வேளையும் தூக்குப் பாத்திரத்தோடு வந்துவிடுவார். ஊரே காலியானபோதும் அவர் கிளம்பவில்லை. "இந்த ஆளு எனக்குத் துணையா கீறாரா, இல்ல பக்கத்து பெட்டுக்காரிங்களுக்குச் சமைச்சுப் போட கீறாரா, தெர்ல" என்பார் பாயம்மா, அவர் காதில் விழும்படி. பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அன்று நான் போகும்போது பாயம்மா என் புடவை நுனியைப் பிடித்து நிறுத்தினார். "இன்னாம்மா, காத்து நல்லாகீதா?" என்றார். அவருக்கு எவ்வளவு தெரியுமோ! "பாத்துண்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பக்கத்தில் நின்ற பாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டாக்டரம்மா என்னோடு போட்ட சண்டை அந்தப் பங்களாவே அதிரும் சண்டை. "என் குழாய்ங்க ஒண்ணுலயும் ஓட்டை கெடையாது. ஒவ்வொண்ணையும் நானே கண்ணாடி வச்சுப் பாத்துக்கீறேன். உன் பொட்டிதான் பொய் சொல்லுது!"

"பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது டாக்டர். கோபமும் வராது" என்றேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிக்கப்போகிறாரோ என்றிருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தணிந்த குரலில், "அந்தப் பொம்பளைக்கு நான் வாக்குக் குடுத்துக்கீறேம்மா. ஏதாச்சும் வழி சொல்லு" என்றார். இந்த மனுஷி கெஞ்சியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் வாயு உண்மையாக இருந்தால், வைத்தியத்துக்கு வந்தவர்களுக்கு விஷத்தையல்லவா மூச்சாகக் கொடுப்போம்?

ஒரு வழி சொன்னேன். ரேடியம் முழுவதையும் ஈயப் பெட்டகத்தோடு தூக்கித் தோட்டத்துக் கோடியில் இருக்கும் வண்டிக் கொட்டகையில் வைத்துவிட வேண்டும். காலியான அறையை ஒரு பகல் முழுக்கத் திறந்துபோட்டுவிட்டு, மறுபடி கம்பி கட்ட வேண்டும். அளவு குறைந்தால் ஓட்டை குழாயில்தான். டாக்டரம்மா உடனே ஒப்புக்கொண்டார். "கொறைஞ்சா நான் ரூமை மூடிடறேன். கொறையலைன்னா நீ உன் பொட்டியை மூடிக்கினு காலேஜுக்குப் போயிடணும். சரியா?" என்றார்.

குறையவில்லை. காலி அறையில், ரேடியம் ஒரு துளிகூட இல்லாத அறையில், நான் இயந்திரத்தைச் சுற்றித் தூசி சேர்த்த கம்பி முன்போலவே தாளை இறக்கியது. டாக்டரம்மா எதுவும் சொல்லவில்லை. ஜெயித்தவர்கள் பேசாமல் இருப்பது போல எரிச்சலூட்டுவது வேறில்லை. வழக்கமாக ஒரு தடவை அளவு பார்த்துவிட்டுக் கம்பியை எடுத்துத் துடைத்து வைப்பேன். அன்று அவமானத்தில் அதுகூடச் செய்யவில்லை. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், விளக்கேற்றக்கூடாது என்று உத்தரவு இருந்த காலம். எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மயிலாப்பூருக்கு நடந்தேன். குளக்கரையில் கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. அப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கருவிகளை மூட்டை கட்டத்தான் போனேன். பெட்டி நிஜமாகவே கெட்டுவிட்டதா என்று பார்க்கலாமே என்று தாளுக்கு மின்சாரம் கொடுத்தேன். தாள் எழுந்தது, உடனே இறங்க ஆரம்பித்தது. கெட்டுத்தான் போயிற்று என்று மூடியைத் திறந்தால், உள்ளே நேற்றைய கம்பி. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தாள் அசையாமல் நின்றது. கம்பியைப் போட்டேன், இறங்கியது. எடுத்தேன், நின்றது. ரேடான் விட்டுப்போகும் தூசி அற்பாயுசு. அரை மணிக்கொரு தரம் பாதி பாதியாகக் குறைந்து, ஒரு பொழுது தாண்டுவதற்குள் ஒன்றுமில்லாமல் போய்விடும். இந்தக் கம்பியோ ராத்திரி முழுக்கக் கிடந்தும் உயிரோடு இருந்தது. அப்படியானால் இது ரேடியத்தின் குழந்தையே அல்ல! தோரியம் என்று வேறொரு பொருள் உண்டு. அதுவும் ரேடானைப் போலவே, தோரான் என்று ஒரு வாயுவை விடும். அதன் தூசிதான் மறுநாள் வரை தாங்கும். பெட்டியும் பொய் சொல்லவில்லை, குழாயிலும் ஓட்டை இல்லை. அறைக்குள் தோரியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. சாதாரண வீடுகளில் தோரியம் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். மூச்சு வாங்கியது, வழக்கமான இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"இந்த ரூம்ல காஸ் லைட் ஏதாவது வச்சிருக்கேளா டாக்டர்?"

"லைட்டா? ஒரு லைட்டும் கெடையாதே."

"லைட் இல்லைன்னா மேண்டில். விளக்குக்குள்ள கட்டுவாளே, வெள்ளையா, வலை மாதிரித் துணிப் பை. அதுல தோரியம் இருக்கு."

டாக்டரம்மாவின் முகம் போன போக்கு இருக்கிறதே, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கடைசியில் என் முழங்காலுக்குக் கீழே பார்த்தார்.

"முதல்ல எந்திரி" என்றார்.

எழுந்தேன். ஜமக்காளத்தை விலக்கிப் பெட்டியைத் திறந்தால், கட்டுக் கட்டாக மேண்டில்கள், விளிம்பு வரை. நான் தினமும் குந்திக்கொண்டு காற்றைச் சோதித்த ஆசனம்!

விஷயம் இதுதான். யுத்தத்தில் மேண்டில் வரத்து நின்றுபோய், கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. பாயின் பிழைப்பே அந்தப் பெட்டிதான். ஊர் காலியாகிற நேரத்தில் திருட்டுப் பயத்தில் கடையில் வைக்காமல், குண்டு விழுந்தாலும் அசையாத இடம் எது என்று யோசித்து, ரேடியம் அறையைக் கண்டுபிடித்திருக்கிறார். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தார். இவரும் நம்பி வைத்த பொருள் என்று ஆயாவிடம்கூட மூச்சு விடவில்லை. நான் அதன் மேல் உட்காருவதைப் பார்த்தும், கேட்டால் சொல்ல வேண்டிவருமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷப் படிப்பு அவருக்கு! ரேடியத்தைத் தவிர வேறெதிலிருந்தும் இப்படியொரு வாயு வரும் என்று தோன்றவேயில்லை. எனக்கோ மேண்டிலில் தோரியம் உண்டு என்று பாடப் புஸ்தகத்தில் படித்தது நினைவிருந்தது, உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு மேதாவிகள்! நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பாய் சிரிக்கவில்லை. மத்தியானம் தூக்குப் பாத்திரத்தோடு வந்தவரைக் கூப்பிட்டுச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா... என் பொட்டியா? என் கையால நானே கொண்டாந்து வச்சேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் அழுததைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது.

"இன்னாத்துக்குப் பாய் அழுவுறே? கொழாய் நல்லாகீது, ரூம் நல்லாகீது, உன் பொட்டி மட்டும்தான் வெளில போவுது" என்று டாக்டரம்மா அதட்டினார். அதட்டலில் இருந்த பிரியத்தை பாய் புரிந்துகொண்டாரா தெரியவில்லை. முண்டாசைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பெட்டியை எங்கே வைப்பது? கடைக்குப் போனால் மறுபடி திருட்டுப் பயம். "எங்காத்து மொட்டை மாடியில தகரக் கொட்டாய் இருக்கு. நாலு பக்கமும் காத்து, ஒருத்தரும் வரமாட்டா" என்றேன். டாக்டரம்மா, "எந்த ஆத்துல?" என்று ஆரம்பித்தார், பாய் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கைவண்டியில் ஏற்றி, மேலே வைக்கோல் பரப்பி, பாய் தானே தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா வாசலில் நின்று, "என்னம்மா பெட்டி?" என்று கேட்டார். "காலேஜ் சாமான்" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கும் முறை இப்போது எனக்கு.

அறையை நன்றாகக் கழுவிவிட்டு, ரேடியத்தைப் பழைய இடத்தில் வைத்து, கடைசித் தடவையாகக் கம்பி கட்டினேன். இந்தத் தடவை டாக்டரம்மாவே இயந்திரத்தைச் சுற்றினார், நின்றுகொண்டே. பெட்டிக்குள் கம்பியைப் போட்டுவிட்டு அவரையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடலையே! அசையலையே!" என்றார், குழந்தை மாதிரி. ஈரக் காற்றுக்கு இறங்க வேண்டிய அளவு மட்டும்தான் இறங்கியது. நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் பாயம்மாவுக்கு இரண்டாவது தடவை ரேடியம் வைத்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எப்போது எந்த விஷயத்தில் நான் அடித்துப் பேசினாலும் டாக்டரம்மா சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் சரி, எது மேல குந்திக்கினு கீறேன்னு மொதல்ல பாரு." கல்லூரியில் எனக்கும் மேலதிகாரிக்கும் தகராறு வந்தபோது சொன்னார். நான் அடையாற்றில் நிலம் வாங்கப் பார்த்தபோது சொன்னார். இரண்டு தடவையும் பார்த்தேன். பார்த்தது நல்லதாகப் போயிற்று.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து என் தம்பிக்குக் கல்யாணம். மாட வீதியில் ஜானவாசம், மாப்பிள்ளை ஊர்வலம். லைட்டுக்கடை பாய் வாடகை பேச விடவேயில்லை. எங்கள் மொட்டை மாடியில் இருந்து இறக்கிய அதே மேண்டில்களைக் கட்டி, இரண்டு வரிசை விளக்கோடு வந்து நின்றார். பம்பு அடித்து ஒவ்வொன்றாகப் பற்றவைக்க, வெள்ளை வெளேரென்று வீதி எழுந்தது. தெற்கு மாட வீதி முனையில் டாக்டரம்மா நின்றிருந்தார். பக்கத்தில் பாயம்மா, கன்னம் வைத்து, நிறம் வந்து, ஆளே வேறாக. என்னைக் கிட்டே இழுத்து, "உங்க தம்பிய பாக்க வந்தேன்னு நெனச்சுக்கினியா? எங்க ஆளு லைட்ட ஒழுங்கா கட்டுறாரான்னு பாக்க வந்தேன்" என்றார். டாக்டரம்மா ரேகையில்லாத விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் உருப்படியானது ஒன்று உண்டென்றால், அது அன்றைக்கு அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது.

பாய் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "அது உங்க வூட்டுலயே இருக்கட்டும்மா. அடியில கொஞ்சம் வச்சுக்கீறேன், அடுத்த கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கல்யாணத்துக்குள் சீரியல் பல்பு வந்துவிட்டது. டாக்டரம்மா, பாய், பாயம்மா மூவரும் ஒருவர் பின் ஒருவராக நல்ல வயதில் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டி மட்டும் மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரை என்னோடு வந்துவிட்டது.

"அத்தை, இதுக்குப் பக்கத்துல ஏதாவது இருந்தா அளவு தப்பா வந்துடும்" என்றாள் தம்பி மகள், சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "இந்தக் கூடத்துல விசேஷமா ஒண்ணும் இல்லையே?"

பழக்க தோஷம், ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. சுவரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். பிறகு அவள் முழங்காலுக்குக் கீழே பார்த்தேன்.

"முதல்ல எந்திரி" என்றேன்.